முந்நூறு ஓட்டில் ஒரு நாற்காலி: சிற்றூர்த் தேர்தலைப் புரிந்துகொள்ள

சட்டமன்றத் தேர்தலில் ஒரு கட்சிக்கு அள்ளிக் கொடுத்த தெரு, உள்ளாட்சித் தேர்தலில் அதே கட்சி வேட்பாளரைக் கைவிட்டுவிட்டுச் சுயேச்சை ஒருவரைத் தூக்கி வைக்கும். தொலைக்காட்சி விவாதங்களில் இதற்கு 'மக்களின் மனமாற்றம்' என்று பெயர் சூட்டுவார்கள். ஒரு பேரூராட்சியில் வளர்ந்தவனாக எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. அந்தத் தெருவுக்கு இரண்டு தேர்தல்களும் ஒரே காரியம் அல்ல, அவ்வளவுதான். முதல்முறை ஓட்டுப் போடப்போகிறவர்கள் இதைப் புரிந்துகொள்ளச் சில எண்களோடு தொடங்குவது நல்லது.

2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் 6 கோடியே 28 லட்சம் வாக்காளர்கள் இருந்தார்கள். தொகுதிகள் 234. ஒரு தொகுதிக்குச் சராசரியாக இரண்டு லட்சத்து எழுபதாயிரம் பேர் என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு பேரை எந்த வேட்பாளராலும் நேரில் பார்த்துப் பேச முடியாது. அவருக்காகச் சின்னமும் தலைவரின் படமும் பேசுகின்றன.

இனி 2019 டிசம்பருக்கு வாருங்கள். 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவிகள் மட்டும் 76,746. வாக்காளர்கள் ஏறத்தாழ 2 கோடியே 58 லட்சம். வகுத்துப் பார்த்தால் ஒரு வார்டுக்கு 350 பேர்கூட இல்லை. நம் வீட்டுக் கல்யாணத்துக்கு இதைவிட அதிகமான பேர் வந்திருப்பார்கள். கல்யாணத்துக்கு யார் வந்தார், யார் வரவில்லை, வந்தவர் மொய் எவ்வளவு எழுதினார் என்பது வீட்டாருக்குத் தெரியாமல் போகுமா? வார்டுத் தேர்தலும் அந்த மாதிரிதான். வேட்பாளருக்கு வாக்காளர் ஒவ்வொருவரையும் தெரியும். அதைவிட முக்கியம், வாக்காளருக்கு வேட்பாளரின் தாத்தாவையும் தெரியும்.

சிற்றூர் ஓட்டைப் பற்றி நான் சொல்லப்போகும் மற்ற எல்லாமே இந்தச் சிறிய எண்ணிலிருந்து கிளைப்பவை.

ஊராட்சியா, பேரூராட்சியா?

1992-இல் அரசியல் சட்டத்தில் 73, 74-ஆம் திருத்தங்கள் செய்யப்பட்டன. முன்னது கிராமங்களுக்கு, பின்னது நகரங்களுக்கு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடு, தனியாக ஒரு மாநிலத் தேர்தல் ஆணையம் ஆகியவை கட்டாயமாயின. இவற்றின்படி தமிழ்நாட்டில் 1994-இல் ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996-இல் முதல் தேர்தல் நடந்தது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது பேரூராட்சி. ஒரு கடைவீதி, ஒரு பஸ் நிலையம், வாரச் சந்தை, சுற்றிலும் வயல் என்று இருக்கும் சிற்றூர்கள்தான் பெரும்பாலும் பேரூராட்சிகள். பார்த்தால் கிராமம், சட்டத்தின் கண்ணுக்கு நகரம். 2022 நகர்ப்புறத் தேர்தல் அறிவிக்கப்பட்டபோது மாநிலத்தில் 490 பேரூராட்சிகள் இருந்தன.

பெயர்ப் பலகையில் மட்டும் இருக்கிற வேறுபாடு அல்ல இது. ஊராட்சியில் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிர்வாக அதிகாரமும் அவரிடமே இருக்கிறது. நீண்டகாலமாகக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் நகரும் என்பது வழக்கம். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஒன்றுக்கும் உதவாத பதவி என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கும் அந்த நாற்காலிக்கு அடிதடி நடப்பது அதனால்தான்.

பேரூராட்சியில் அரசு நியமிக்கும் செயல் அலுவலர் நிர்வாகத்தை நடத்துவார். நீங்கள் உங்கள் வார்டுக் கவுன்சிலருக்கு ஒரே ஓட்டுத்தான் போடுவீர்கள். கவுன்சிலர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராக்குவார்கள். இதுவும் நிலையாக இருந்ததில்லை. 1996-லும் 2001-லும் பேரூராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-இல் கவுன்சிலர்கள் வழியாக. 2011-இல் மீண்டும் நேரடியாக. 2022-இல் திரும்பவும் கவுன்சிலர்கள் வழியாக. எங்கள் ஊரில் சற்று வயதானவர்களுக்கே "தலைவருக்குத் தனி ஓட்டு உண்டா இல்லையா?" என்ற குழப்பம் வருவதில் வியப்பில்லை.

இரண்டு அமைப்பும் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்று: குடிநீர், தெருவிளக்கு, குப்பை, சாக்கடை, உள்தெருச் சாலை, மயானம், சந்தைக் குத்தகை. வருமானம் சொத்துவரி, தொழில்வரி, கடை வாடகை, அரசு மானியம். பெரிய கொள்கை எதுவும் இதில் இல்லை. உங்கள் தெருக்குழாயில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு வருகிறது என்பதுதான் இங்கே கொள்கை. நள்ளிரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் பிடித்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது.

ஒரு கையில் நான்கு சீட்டு

ஊராட்சியில் இருப்பவர் ஓட்டுச்சாவடிக்குப் போனால் நான்கு சீட்டு கொடுப்பார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை (ஒரே சாவடியில் இரண்டு வார்டு இருந்தால் இன்னொன்றுக்கு நீலம்), ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் கட்சிச் சின்னம் இருக்காது. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா, கட்டில் போன்ற பொதுச் சின்னங்கள்தான். பச்சையிலும் மஞ்சளிலும் கட்சிச் சின்னங்கள் வரும்.

ஓட்டு எப்படி விழுகிறது என்பதை விளக்க இந்த நான்கு வண்ணங்களைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ஒரே ஆள், ஒரே நிமிடத்தில், நான்கு விதமாக யோசிக்கிறார். வெள்ளையில் பங்காளி வீட்டுப் பையன் அல்லது எதிர்வீட்டு அக்காள். இளஞ்சிவப்பில் தெரு, சாதி, கோயில் வரவு செலவில் யார் யார் பக்கம் நின்றார்கள் என்ற பழைய கதை. பச்சையில் பாதி ஆள், பாதி சின்னம். மஞ்சளுக்கு வரும்போது வேட்பாளரின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. சின்னத்தைப் பார்த்துக் குத்திவிட்டு மடித்துப் போடுவார். வட்டம் பெரிதாகப் பெரிதாக முகம் மங்கிச் சின்னம் தெளிவாகிறது.

இது தெரியாமல் சிரித்தவர்கள் உண்டு. 2021 அக்டோபரில் கோவை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி வார்டு இடைத்தேர்தலில் ஒரு தேசியக் கட்சிக்காரர் ஒரே ஓட்டு வாங்கினார். நாடு முழுக்கச் சமூக ஊடகங்களில் கேலி பறந்தது. வீட்டார்கூடப் போடவில்லையே என்றார்கள். அவர் குடும்பத்துக்கு ஓட்டு வேறு வார்டில் இருந்தது. அது கட்சிச் சின்னமே இல்லாத பதவி. வெளியிலிருந்து பார்த்தவர்கள் கட்சி தோற்றதாக நினைத்தார்கள். வார்டுக்காரர்களைப் பொறுத்தவரை அடுத்த வார்டு ஆள் வந்து நின்றார், ஓட்டு விழவில்லை.

பேரூராட்சியில் கட்சிச் சின்னம் உண்டு. அதனால் மேலோட்டமாகப் பார்த்தால் கட்சி அரசியல் போலவே இருக்கும். 2022-இல் பேரூராட்சிகளின் சுமார் 7,600 வார்டுகளில் 4,300-க்கும் மேற்பட்டவற்றை அப்போது ஆட்சியில் இருந்த தி.மு.க. வென்றது. ஆனால் தேர்தல் காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1996, 2001, 2006, 2011 ஆகிய நான்கு முறையும் மே மாதம் சட்டமன்ற முடிவு, அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல். நான்கு முறையும் புதிதாக ஆட்சிக்கு வந்த கட்சியே உள்ளாட்சியிலும் அள்ளியது. 2022-இல் இடைவெளி ஒன்பது மாதம். காரணம் எளிது. பேரூராட்சிக்குச் சொந்த வருமானம் குறைவு. சாலையும் குடிநீர்த் தொட்டியும் மேலிருந்து வரும் பணத்தில்தான் நடக்க வேண்டும். "ஆளுங்கட்சிக்காரனைப் போட்டால்தானே நாலு காசு வரும்" என்பது டீக்கடையில் சாதாரணமாகச் சொல்லப்படும் வாதம். கொள்கைப் பற்று என்று இதை எண்ணிவிட வேண்டாம். அரசாங்கம் பழசான பிறகு தேர்தல் வந்தால் இந்தக் கணக்கு இளகிவிடும்: எட்டாண்டுகள் கழித்து 2019-இல் நடந்த ஊரகத் தேர்தலில் ஆட்சியில் இருந்த அ.தி.மு.க.வைவிட எதிர்க்கட்சியான தி.மு.க. அணி சற்று முன்னே வந்தது.

கட்சித் தலைமையின் சொல் சிற்றூரில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 2022 மார்ச் 4 ஒரு சாட்சி. அன்று தலைவர் பதவிகளுக்கு மறைமுகத் தேர்தல். கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கப்பட்ட பல இடங்களில் தி.மு.க. கவுன்சிலர்களே எதிர்த்து நின்று வென்றார்கள். முதலமைச்சரே வெளிப்படையாக அறிக்கை விட்டு அவர்களைப் பதவி விலகச் சொல்ல வேண்டியதாயிற்று. பதினைந்து கவுன்சிலர் இருக்கும் மன்றத்தில் எட்டுப் பேர் சேர்ந்தால் தலைவர். அந்த எட்டுப் பேரையும் ஒரு வேனில் ஏற்றி ஏதாவது மலைவாசத்தலத்துக்குக் கூட்டிப்போய் வாக்கெடுப்பு நாள் காலையில் கொண்டுவந்து இறக்கும் வழக்கம் மறைமுகத் தேர்தல் உள்ள ஊர்களுக்குப் பழக்கமானதுதான். நேரடித் தேர்தல் முறையில் இந்தச் சுற்றுலாச் செலவு மிச்சம்.

வாக்காளர் பட்டியலும் பென்சிலும்

ஒரு கற்பனை வார்டை எடுத்துக்கொள்வோம். 900 ஓட்டு. 2022-இல் பேரூராட்சிகளில் ஏறத்தாழ 75 சதவீதம் ஓட்டுப் பதிவானது. சென்னை மாநகராட்சியில் 44 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. நகரத்துக்காரர்களுக்கு அரசியல் ஆர்வம் குறைவு என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். சென்னையில் நீங்கள் ஓட்டுப் போடாவிட்டால் யாருக்கும் தெரியாது. இங்கே மதியம் இரண்டு மணிக்குள் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் வரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே நம் வார்டில் 675 ஓட்டு விழுகிறது. நான்கு பேர் போட்டி. ஒருவருக்கு 240 கிடைத்தால் அநேகமாக வெற்றி. இந்த 240-ஐச் சேர்க்கும் விதம்தான் கலை. வாக்காளர் பட்டியலை எடுத்துப் பென்சிலால் குறிப்பார்கள்: உறுதி என்றால் டிக், இல்லை என்றால் பெருக்கல் குறி, தெரியாது என்றால் கேள்விக்குறி. தன் கொடிவழி 60, மனைவி வழியில் 25, தொழிலில் கடன்பட்டவர்கள், கட்சியின் நிலையான ஓட்டு 50, பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கித் தந்த வீடு இரண்டு. திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குப் போன் போட்டு பஸ் செலவுக்குப் பணம் அனுப்புவதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. முப்பது பேர் ஒரு வேனில் வந்து இறங்கினால் முடிவே திசை மாறும்.

சாதியைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. ஆனால் 'சாதி ஓட்டு' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவது சோம்பேறித்தனம். ஒரு வார்டு முழுக்க ஒரே சாதி வசித்தால் சாதி எதையும் முடிவு செய்யாது, அங்கே பங்காளிச் சண்டைதான் முடிவு செய்யும். இரண்டு பெரிய சாதிகள் சம எண்ணிக்கையில் இருக்கும் வார்டில், பத்து வீடு மட்டுமே உள்ள மூன்றாவது சாதிக்குத் திடீர் மரியாதை வரும். மூன்று பேர் ஒரே சாதியிலிருந்து நின்று ஓட்டைப் பிரித்துக்கொள்ள, நான்காமவர் சத்தமில்லாமல் ஜெயிப்பதும் உண்டு. அந்த மூன்றாமவரை யார் நிறுத்தினார், யார் டெபாசிட் கட்டினார் என்று ஊரில் பிறகு ஆராய்ச்சி நடக்கும்.

சாதியின் கொடுமையான முகம் இட ஒதுக்கீடு வந்த பிறகே வெளியே தெரிந்தது. மதுரை மாவட்டத்தின் மேலவளவு ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று தம்மோடு இருந்தவர்களுடன் வெட்டிக் கொல்லப்பட்டார். அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் பத்தாண்டுக் காலம் தேர்தலே முறையாக நடக்கவில்லை. வேட்பாளர் கிடைக்க மாட்டார். கிடைத்தால் வென்றவுடன் ராஜினாமா. 2006 அக்டோபரில்தான் நான்கிலும் தலைவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவியில் நீடித்தார்கள். அதோடு தீர்ந்துவிட்டதா என்றால், 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான பட்டியல் சாதிப் பெண் கூட்டத்தில் தரையில் அமரவைக்கப்பட்ட படம் வெளிவந்தது. ஓட்டு எண்ணி நாற்காலி கொடுத்தாலும் அதில் உட்கார ஊர் விட வேண்டியிருக்கிறது.

பெண்களுக்கு 1996-இல் மூன்றில் ஒரு பங்கு என்றிருந்தது 2016-இல் பாதியாக உயர்ந்தது. வார்டு பெண்களுக்குப் போனதும் சுவரொட்டியில் மனைவியின் படம் சிறிதாகவும் கணவரின் படம் பெரிதாகவும் வரும். வென்ற பிறகு 'தலைவர்' என்று ஊர் கூப்பிடுவதும் கணவரைத்தான். இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் மறந்துவிடுவது ஒன்று உண்டு: முதல் முறை கணவருக்காகக் கையெழுத்துப் போட்டவர்களில் சிலர் இரண்டாம் முறை தாமே கோப்பைப் படித்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். செயல் அலுவலர்களிடம் விசாரித்தால் சொல்வார்கள், சற்று அலுப்போடு.

போட்டியே இல்லாத வெற்றிகளும் உண்டு. 2022 நகர்ப்புறத் தேர்தலில் 200-க்கும் மேற்பட்டோர் போட்டியின்றித் தேர்வானார்கள். அவர்களில் பெரும்பாலோர் பேரூராட்சிகளைச் சேர்ந்தவர்கள். ஊர் கூடி ஒருமனதாக முடிவெடுத்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் கூட்டத்தில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சில கிராமங்களில் கோயில் திருப்பணிக்கு யார் அதிகப் பணம் தருகிறாரோ அவருக்கே பதவி என்று ஏலம் விட்டதும் நடந்திருக்கிறது. அது குற்றம் என்று தேர்தல் ஆணையம் எச்சரித்தும் ஓயவில்லை. ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை எங்கிருந்து எடுப்பார் என்பது திருப்பணிக் குழுவுக்குத் தெரியாததா?

இங்கே யாராவது உத்திரமேரூரை நினைவூட்டுவார்கள். பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், முப்பது குடும்பு (அந்தக் காலத்து வார்டு), குடவோலை. எனக்கும் அந்தக் கல்வெட்டு பிடிக்கும். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது என்ற விதிக்காக. ஆனால் அது பிராமண நில உடைமையாளர்களின் சபை. வயது 35 முதல் 70 வரை, வரி செலுத்தும் நிலம் கால் வேலியாவது (வேலி என்பது பழைய நில அளவு) வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பெயர் எழுதிய ஓலையைக் குடத்திலிட்டு எடுப்பது குலுக்கல், தேர்தல் அல்ல. இன்றும் இரண்டு பேர் சம ஓட்டு வாங்கினால் குலுக்கலில்தான் முடிவு. குடவோலையின் உண்மையான மிச்சம் அதுதான் என்று சொல்லலாம்.

தேர்தல் நடக்காத காலங்களும் இந்தக் கதையின் பகுதி. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பெரும்பாலான ஊராட்சிகள் மூன்றாண்டும் பேரூராட்சிகள் ஐந்தாண்டும் அரசு நியமித்த தனி அலுவலர்களிடம் இருந்தன. 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்ததும் மீண்டும் தனி அலுவலர்களே வந்தார்கள். தனி அலுவலர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. குழாய் உடைந்தால் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நின்று கத்தலாம். அலுவலருக்கு மனுத்தான் எழுத முடியும்.

ஆனால் கத்தும் உரிமைக்கு ஒரு விலை இருக்கிறது. ஓட்டு ரகசியம் என்பது சட்டம். ஒரு வார்டுக்கு ஓரிரு சாவடி மட்டுமே உள்ள ஊரில், அதிலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிச் சாவடி இருந்துவிட்டால், எண்ணி முடித்த மாலையிலேயே வேட்பாளருக்குப் பாதி தெரிந்துவிடும்: ஆண்கள் போட்டார்கள், பெண்கள் போடவில்லை, மேலத்தெரு ஏமாற்றிவிட்டது. மறுநாள் காலையில் அதே தெருவில்தான் பால் வாங்கப் போக வேண்டும்.

அதனால் சிற்றூர் வாக்காளர் தனக்கென ஒரு கவசம் செய்துவைத்திருக்கிறார். வேட்பாளர் வாசலில் வந்து கைகூப்பினால் யாரும் "யோசிக்கிறேன்" என்று சொல்வதில்லை. "உங்களுக்கு இல்லாமலா?" என்பார்கள். மாலையில் அடுத்தவர் வருவார், அவருக்கும் "உங்களுக்கு இல்லாமலா, மாமா?" ஆரத்தி எடுப்பார்கள், தட்டில் விழுவதையும் எடுத்துக்கொள்வார்கள். நான்கு வேட்பாளர்களும் இரவில் அவரவர் வீட்டுத் திண்ணையில் பட்டியலை விரித்துப் பென்சில் டிக்குகளை எண்ணுவார்கள். நான்கு பட்டியலையும் யாராவது வாங்கிக் கூட்டிப் பார்த்தால் 900 ஓட்டு உள்ள வார்டில் 1,600 ஓட்டு இருக்கும்.